வைக்கோலில் இருந்து எத்தனால்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

வைக்கோல், கரும்புச் சக்கை, சோளத்தட்டை, மரத்தூள், புல். மனிதர் உண்ணாத இந்தப் பொருள்களில் சர்க்கரை ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது செல்லுலோஸாகவும் ஹெமிசெல்லுலோஸாகவும் பூட்டிக் கிடக்கிறது. அதன் மேல் லிக்னின் காரை பூசியதுபோல் ஒட்டியிருக்கிறது. அமிலத்தில் வேகவைத்துக் காரையைத் தளர்த்த வேண்டும், என்சைம் போட்டுப் பூட்டைத் திறக்க வேண்டும், வெளிவரும் சர்க்கரையை ஈஸ்ட்டுக்குக் கொடுத்து நொதிக்க வைக்க வேண்டும், கடைசியில் வடிக்க வேண்டும். நான்கே கட்டங்கள்தான்.

இந்த வேலையில் பிசகு நடக்கும் இடம் ஒன்று, அது கண்ணில் படும் இடம் வேறு. ஈஸ்ட் குமிழி விடவில்லை என்று ஈஸ்ட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்போம்; தவறோ மூன்று நாளுக்கு முன் அமிலக் கலனில் நடந்து முடிந்திருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும், அதற்கு முந்தைய கட்டத்தை முதலில் சந்தேகப்படுங்கள். ஆய்வகக் குடுவையில் தொடங்கிச் சில நூறு லிட்டர் கலன் வரை வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நீர்த்த கந்தக அமிலம், என்சைம், ஈஸ்ட் என்ற பாதையையே எடுத்துக்கொள்கிறேன். நீராவி வெடிப்பு, காரம் ஆகிய முறைகளில் வேலை செய்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு

இந்தக் கணக்கு கையில் இல்லாமல் எதையும் தேடாதீர்கள். 1 கிராம் செல்லுலோஸ் முழுதாக உடைந்தால் 1.11 கிராம் குளுக்கோஸ் தரும். உடையும்போது நீர் சேர்வதால்தான் எடை கூடுகிறது. ஹெமிசெல்லுலோஸில் உள்ள சைலான் 1 கிராமுக்கு 1.136 கிராம் சைலோஸ். 1 கிராம் சர்க்கரையிலிருந்து அதிகபட்சம் 0.511 கிராம் எத்தனால் வரும், மீதி 0.489 கிராம் கார்பன் டைஆக்சைடாகப் போய்விடும்.

உங்கள் 100 கிராம் உலர் வைக்கோலில் 36 கிராம் செல்லுலோஸும் 22 கிராம் சைலானும் இருப்பதாக வையுங்கள். 40 கிராம் குளுக்கோஸ், 25 கிராம் சைலோஸ். குளுக்கோஸிலிருந்து 20.4 கிராம் எத்தனால், அதாவது சுமார் 26 மில்லிலிட்டர். சைலோஸையும் உண்ணும் உயிரி இருந்தால் இன்னொரு 12.8 கிராம். இதுதான் உச்சவரம்பு. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் திடப்பொருளில் எவ்வளவு சர்க்கரை தங்கியது, திரவத்தில் எவ்வளவு வந்தது என்று எழுதிவையுங்கள். இரண்டையும் கூட்டினால் தொடங்கிய அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். எந்தக் கட்டத்தில் கூட்டல் இடறுகிறதோ, பிழை அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: அமிலத்தில் வேகவைத்தும் பொருள் மாறவே இல்லை

நன்றாகப் பதப்பட்ட வைக்கோல் பழுப்பாகி, விரலால் நசுக்கினால் சேறுபோல் குழையும். உங்களுடையது இன்னும் நாராக, மஞ்சளாக இருக்கிறது. திரவத்தில் சைலோஸ் மிகக் குறைவு. அப்படியானால் அமிலம் தன் வேலைக்குப் போவதற்கு முன்பே செலவாகிவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். வைக்கோலோடு வந்த மண்ணும், அதன் சாம்பலில் உள்ள கால்சியமும் பொட்டாசியமும் அமிலத்தைச் சமன் செய்துவிடும்.

சோதிப்பது எளிது. அமிலத்தில் ஊறவைத்து ஒரு மணி நேரம் கழித்து, சூடேற்றும் முன், திரவத்தின் பிஹெச் பாருங்கள். எடையில் 1 சதவீதக் கந்தக அமிலத்துக்கு அது 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 2-ஐத் தாண்டியிருந்தால் அமிலம் காணாமல் போயிருக்கிறது. அமிலத்தைக் கூட்டுவதற்கு முன் வைக்கோலைத் தண்ணீரில் அலசி மண்ணைப் போக்கிப் பாருங்கள். அமிலத்தைக் கூட்டினால் பின்னால் நடுநிலையாக்கும் சுண்ணாம்பும் கூடும், கழிவும் கூடும்.

பிஹெச் சரியாக இருந்தும் மாறவில்லை என்றால் வெப்பம் நடுவே போய்ச் சேரவில்லை. கலனின் சுவரில் செருகிய வெப்பமானி 160 காட்டும். அடைத்துவைத்த வைக்கோலின் நடுவில் 130 தான் இருக்கும். நடுவில் ஒரு அளவி வைத்துப் பாருங்கள். உலர்ந்த திட்டுகள் இருந்தாலும் இதே கதைதான்: முதல் நாள் இரவே ஊறவைத்து, உபரித் திரவத்தைப் பிழிந்துவிட்டு ஏற்றுவது நல்ல பழக்கம்.

அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. அழுத்தக் கலனை அழுத்தம் முழுதும் இறங்கும் முன் திறக்கக் கூடாது. தெரிந்தவர்களுக்கும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: கறுத்துப்போய், கருகிய பாதாம் வாசனை வருகிறது

இது எதிர்ப்பக்கத் தவறு. அந்தப் பாதாம் வாசனை ஃபர்ஃபியூரல். சைலோஸ் அளவுக்கு மீறி வெந்தால் ஃபர்ஃபியூரலாகும், குளுக்கோஸ் வெந்தால் ஹைட்ராக்ஸிமெத்தில் ஃபர்ஃபியூரலாகும். இன்னும் வெந்தால் ஃபார்மிக் அமிலமும் லெவுலினிக் அமிலமும் வரும். நீங்கள் விற்க நினைத்த சர்க்கரை, உங்கள் ஈஸ்ட்டைக் கொல்லும் நஞ்சாக மாறிவிட்டது, இரட்டை நட்டம்.

எவ்வளவு மீறிவிட்டோம் என்று அறிய ஒரு சூத்திரம் உண்டு. வெப்பநிலையிலிருந்து 100-ஐக் கழித்து 14.75-ஆல் வகுத்து, வருவதை e-யின் (2.718) அடுக்காக வைத்து, கிடைப்பதை நிமிடங்களால் பெருக்கினால் கடுமை எண் கிடைக்கும். நினைவில் கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: 10 டிகிரி கூட்டினால் கடுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 170 டிகிரியில் 10 நிமிடம் வேகவைப்பதும் 160 டிகிரியில் 20 நிமிடம் வேகவைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் "இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றலாம்" என்பது கொஞ்சம் அல்ல. கலன் சூடேறும் நேரமும் ஆறும் நேரமும்கூட இந்தக் கணக்கில் சேரும். மெதுவாக ஆறும் பெரிய கலனில், குடுவையில் வெற்றி கண்ட அதே நிமிடங்களை வைத்தால் கருகத்தான் செய்யும்.

இன்னொரு தடயம்: பதப்படுத்திய பின் அளந்த லிக்னின், மூலப்பொருளில் இருந்ததைவிட மொத்த எடையிலேயே கூடியிருக்கும். லிக்னின் புதிதாகப் பிறக்காது. கருகிய சர்க்கரை லிக்னின்போல் கரையாமல் படிந்து, அளவையில் லிக்னினாக வேடமிடுகிறது. இந்தப் போலி லிக்னின் செல்லுலோஸின் மேலும் பூசிக்கொண்டு என்சைமை அண்டவிடாது. நேரத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். வெப்பநிலையை இப்போதைக்குத் தொடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

அறிகுறி: என்சைம் போட்டாயிற்று, சர்க்கரை உயரவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். என்சைமின் விலையும் அதிகம் என்பதால் மனம் சோர்வதும் இங்கேதான். பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம்.

மூன்று குப்பிகள் எடுங்கள். முதல் குப்பியில் தூய செல்லுலோஸ். வடிதாளைச் சிறு துண்டுகளாக வெட்டிப் போட்டாலே போதும். இரண்டாவதில் உங்கள் பதப்படுத்திய பொருளை நன்றாகக் கழுவிப் போடுங்கள். மூன்றாவதில் அதே பொருள், கழுவாமல். மூன்றிலும் ஒரே என்சைம், பிஹெச்சை மாறாமல் வைக்கும் ஒரே தாங்கல் கரைசல், ஒரே வெப்பம். 24 மணி நேரம் கழித்துக் குளுக்கோஸ் அளந்தால் சிக்கலில் முக்கால் பங்கு அவிழ்ந்துவிடும்.

வடிதாளிலேயே சர்க்கரை வரவில்லை என்றால் குற்றம் என்சைமிலோ சூழலிலோ இருக்கிறது. செல்லுலோஸை உடைக்கும் என்சைம்களான செல்லுலேஸ் கலவைகளில் பெரும்பாலானவற்றுக்கு 50 டிகிரி செல்சியஸ், பிஹெச் 4.8 முதல் 5.5 வரை ஏற்றது. 60 டிகிரியைத் தாண்டினால் வேகமாகச் செயலிழக்கும். என்சைம் புட்டியைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. தேதி கடந்த புட்டியை நம்பி ஒரு மாத வேலையைப் பணயம் வைக்காதீர்கள்.

வடிதாளும் கழுவிய பொருளும் நன்றாக வேலை செய்து, கழுவாதது மட்டும் படுத்துவிட்டதா? திரவத்தில் தங்கியிருக்கும், லிக்னின் உடைந்து வந்த பினாலிக் சேர்மங்களும், பாதி உடைந்த சைலோஸ் சங்கிலிகளும் என்சைமைத் தடுக்கின்றன. கழுவுங்கள். அல்லது சைலானை உடைக்கும் சைலனேஸ் என்சைமைக் கொஞ்சம் சேருங்கள்.

வடிதாள் மட்டும் நன்றாக இருந்து மற்ற இரண்டும் மந்தம் என்றால், அமிலத்தில் பதப்படுத்தியது போதவில்லை. முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: பதப்படுத்திய பொருளை உலர்த்தினீர்களா? ஈரப்பதம் அளப்பதற்காகச் சிறு மாதிரியை 105 டிகிரியில் உலர்த்துவது சரி. மொத்தப் பொருளையும் அடுப்பில் உலர்த்திச் சேமித்தால், அமிலம் திறந்துவைத்த நுண்துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். மறுபடி ஊறவைத்தாலும் முழுதாகத் திறக்காது. நான் தொடங்கிய காலத்தில் ஒரு தொகுதி முழுவதையும் இப்படி இரவு முழுக்க உலர்த்திவிட்டு, இரண்டு வாரம் என்சைம் அளவைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தேன். பதப்படுத்தியதை ஈரமாகவே குளிர்பெட்டியில் வையுங்கள். ஈரப்பதத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கழுவிய குப்பியும் நன்றாக இருக்கிறது, பெரிய கலனில் மட்டும் சர்க்கரை வரவில்லை என்றால் பிஹெச்சை மறுபடி பாருங்கள். துளைகளுக்குள் தங்கிய அமிலம் மெல்லக் கசிந்து வெளிவரும். காலையில் 5.0 என்று வைத்துவிட்டுப் போனது மதியம் 4-க்குக் கீழ் இறங்கியிருக்கும். முதல் மணி, மூன்றாம் மணி, ஆறாம் மணி என மூன்று முறை பார்த்துச் சரிசெய்தால் போதும், அதன் பிறகு நிலைத்துவிடும்.

சர்க்கரை முதல் சில மணி நேரம் விறுவிறுவென ஏறி, பிறகு படுத்துக்கொண்டால் அது வேறு வகை. செல்லோபயோஸ் அளந்து பாருங்கள். செல்லுலோஸ் முதலில் இரட்டைச் சர்க்கரையான செல்லோபயோஸாக உடைகிறது. அதைப் பீட்டா குளுக்கோசிடேஸ் இரண்டு குளுக்கோஸாகப் பிரிக்கிறது. இந்தக் கடைசி என்சைம் போதாவிட்டால் செல்லோபயோஸ் தேங்கி, முன்னால் வேலை செய்யும் என்சைம்களையே நிறுத்திவிடும். டிரைக்கோடெர்மா ரீசி பூஞ்சை சுரக்கும் கலவையில் இயல்பாகவே இது குறைவு. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் படைவீரர்களின் கூடாரத் துணியை அரித்துத் தின்ற பூஞ்சை அது. அந்த அழிவைத் தடுக்க ஆராய்ந்தவர்கள் கண்டெடுத்ததுதான் இன்றைக்கு இந்தத் துறையின் முதுகெலும்பு. புதிய வணிகக் கலவைகளில் குறையை ஈடுகட்டியிருப்பார்கள், பழையதோ நீங்களே வளர்த்ததோ என்றால் பீட்டா குளுக்கோசிடேஸைத் தனியாகச் சேருங்கள்.

செல்லோபயோஸ் தேங்கவில்லை, குளுக்கோஸ் மட்டும் நிறையத் தேங்கியிருக்கிறது என்றால், குளுக்கோஸே தடுக்கிறது. ஈஸ்ட்டையும் கூடவே போட்டு, வரும் சர்க்கரையை உடனுக்குடன் உண்ணவிடலாம். அப்போது வெப்பத்தை 35 முதல் 38 டிகிரிக்கு இறக்க வேண்டியிருக்கும். என்சைமுக்கு அது குளிர், ஈஸ்ட்டுக்குச் சூடு. இருவருக்கும் பொதுவான இடம் அதுதான்.

லிக்னின் என்சைமை ஒட்டவைத்து வீணடிப்பதும் உண்டு. பாலிஎத்திலீன் கிளைக்காலையோ மலிவான ஒரு புரதத்தையோ என்சைமுக்கு முன்னால் சேர்த்தால், அவை லிக்னினின் மேல் படிந்து என்சைமைக் காப்பாற்றும். சிறு குப்பியில் சோதித்து, பலன் தெரிந்தால் மட்டும் பெரிதில் செய்யுங்கள். ஒரு கிராம் செல்லுலோஸுக்கு 15 முதல் 20 எஃப்பியு (வடிதாளை உடைக்கும் திறனை வைத்து என்சைமை அளக்கும் அலகு) அளவில் 72 மணி நேரத்தில் 80 சதவீதம் உடையவில்லை என்றால், என்சைமைக் கூட்டுவது தீர்வே அல்ல. முந்தைய கட்டத்தைத் திருத்துங்கள்.

அறிகுறி: கூழ் கலக்கவே முடியாமல் இறுகுகிறது

வடிப்பது கட்டுப்படியாக வேண்டுமானால் நொதித்த திரவத்தில் எடையில் 4 சதவீதமாவது எத்தனால் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் பொது விதி. அதற்கு 8 சதவீதம் குளுக்கோஸ் வேண்டும், அதற்குத் திடப்பொருள் சுமார் 16 சதவீதமாவது வேண்டும். அந்த அளவில் சுதந்திரமாக ஓடும் தண்ணீரே இருக்காது. எல்லாவற்றையும் நார் குடித்துவிடும். துடுப்பு தன்னைச் சுற்றி ஒரு குழியைத் தோண்டிக்கொண்டு சுழலும், மற்ற பகுதி அசையாது. மூன்றில் ஒரு பங்கை முதலில் போட்டு என்சைம் முழுவதையும் ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் அது இளகும். பிறகு மீதியைத் தவணையாகச் சேருங்கள். கலனைப் படுக்கவைத்துப் புரட்டும் அமைப்பு இருந்தால் இன்னும் நல்லது.

அறிகுறி: சர்க்கரை ஏறியது, பிறகு இறங்குகிறது

ஈஸ்ட் போடவில்லை, ஆனாலும் குளுக்கோஸ் குறைகிறது, பிஹெச் இறங்குகிறது. யாரோ சாப்பிடுகிறார்கள். 50 டிகிரியில் எதுவும் வளராது என்று நம்பிவிடாதீர்கள். அந்த வெப்பத்தை விரும்பும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உண்டு. கலனையும் குழாய் மூட்டுகளையும் நீராவியால் சுத்தம் செய்து, பதப்படுத்திய பொருளை ஆறவிட்டு நாள்கணக்கில் திறந்துவைக்காமல் நேராக என்சைம் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி: ஈஸ்ட் எழவே இல்லை

ஆய்வகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என்சைம் கட்டத்தில் கிருமி வராமல் இருக்க என்ன போட்டீர்கள்? சோடியம் அசைடோ சைக்ளோஹெக்சிமைடோ போட்டிருந்தால் ஈஸ்ட் வாழாது. அளவீட்டுக் குப்பிகளுக்கு எழுதப்பட்ட செய்முறையை அப்படியே நொதித்தலுக்குக் கொண்டுவருவதால் நேரும் தவறு இது. அந்தக் கரைசலைக் காப்பாற்ற வழியில்லை. அசைடு அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும் என்பதால், அதைக் கழிவுத்தொட்டியில் ஊற்றாமல் முறைப்படி அப்புறப்படுத்துங்கள்.

அது இல்லை என்றால் நீர்த்துப் பார்க்கும் சோதனை. நான்கு குடுவைகளில் உங்கள் சர்க்கரைக் கரைசலை 100, 75, 50, 25 சதவீதமாக நீர்த்து, எல்லாவற்றிலும் குளுக்கோஸ் சமமாக இருக்கும்படி மேலே சேர்த்து, ஒரே அளவு ஈஸ்ட் போடுங்கள். நீர்க்க நீர்க்க ஈஸ்ட் எழுகிறதென்றால் தடுப்பான்கள்தான் காரணம். நான்கிலும் ஒரேபோல் மந்தமென்றால் ஈஸ்ட்டைப் பாருங்கள், பிறகு சத்தைப் பாருங்கள். வைக்கோலிலும் மரத்திலும் நைட்ரஜன் மிகக் குறைவு. டைஅம்மோனியம் பாஸ்பேட் சிறிது சேர்த்தால் தெளியும்.

தடுப்பான்கள் என்று தெரிந்தபின் எது என்று பிரிக்க வேண்டும். ஃபர்ஃபியூரல் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் இருந்தாலே தொடக்கம் தள்ளிப்போகும். ஆனால் அது தற்காலிகம்: உயிரோடிருக்கும் ஈஸ்ட் ஃபர்ஃபியூரலை ஃபர்ஃபியூரில் ஆல்கஹாலாக மாற்றிவிட்டு, அதன் பிறகு வேலையைத் தொடங்கும். 24 மணி நேரத்தில் பாதாம் வாசனை குறைந்துவருகிறதா என்று பாருங்கள். குறைகிறதென்றால் காத்திருங்கள்; அடுத்தமுறை ஈஸ்ட்டை இரண்டு மூன்று மடங்கு கூட்டிப் போடுங்கள், அல்லது கரைசலைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். ஈஸ்ட்டை வளர்க்கும் கட்டத்திலேயே இந்தக் கரைசலைச் சிறிது கலந்து பழக்கிவிடுவது மிக நல்ல முறை.

சுண்ணாம்பு முறையும் உண்டு. கால்சியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஹெச்சை 10-க்கு ஏற்றி, 50 முதல் 60 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து, படியும் ஜிப்சத்தை வடிகட்டி, மறுபடி 5.5-க்கு இறக்க வேண்டும். ஃபர்ஃபியூரலும் சில பினாலிக் சேர்மங்களும் குறையும். நேரமோ சூடோ கூடினால் சர்க்கரையும் அழியும் என்பதால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பலர் ஏமாறும் இடம் இதற்கு அடுத்தது: சுண்ணாம்பு முறை அசிட்டிக் அமிலத்தை நீக்காது. ஹெமிசெல்லுலோஸில் தொங்கிய அசிட்டைல் தொகுதிகளிலிருந்து வரும் அந்த அமிலம் கால்சியம் அசிட்டேட்டாகக் கரைந்தே இருக்கும், பிஹெச்சை இறக்கியதும் திரும்ப வரும். அயனியாகாத வடிவில்தான் அது ஈஸ்ட்டின் உள்ளே நுழைகிறது. பிஹெச் 4.76-இல் பாதி அந்த வடிவில் இருக்கும், 5.5-க்கு ஏற்றினால் 15 சதவீதம்தான் இருக்கும். ஆகவே மலிவான மருந்து, நொதித்தலை 5.5-இல் நடத்துவது. மூலத்திலேயே அறுக்க விரும்பினால், அமிலக் கட்டத்துக்கு முன் நீர்த்த காஸ்டிக் சோடாவில் 80 டிகிரியில் ஊறவைத்து அசிட்டைலைக் கழற்றிவிடலாம்.

அறிகுறி: குளுக்கோஸ் தீர்ந்தது, சைலோஸ் அப்படியே நிற்கிறது

பிழையே இல்லை. சாதாரண ஈஸ்ட்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியே சைலோஸை எத்தனாலாக்காது. அதற்கென மரபு மாற்றிய ஈஸ்ட்டோ, இயல்பிலேயே சைலோஸ் உண்ணும் ஷெஃபர்சோமைசிஸ் ஸ்டிபிடிஸோ வேண்டும். பின்னதற்கு மிகச் சிறிதளவு காற்று வேண்டும். முழுதாக அடைத்தால் நின்றுவிடும், காற்றை மிகுதியாகக் கொடுத்தால் எத்தனாலுக்குப் பதில் உடம்பை வளர்த்துக்கொள்ளும். சைலோஸ் உண்ணும் ஈஸ்ட் போட்டும், சைலோஸ் பாதி வழியில் மாறி நிற்கும் சைலிட்டால் தேங்குகிறதென்றால், செல்லுக்குள் துணைநொதிகளின் சமநிலை குலைந்திருக்கிறது. சைலோஸ் ஐசோமரேஸ் வழியைப் பயன்படுத்தும் வகைக்கு மாறிப் பாருங்கள்.

அறிகுறி: சர்க்கரை தீர்ந்தது, எத்தனால் வரவில்லை, புளிப்பு வாசனை

லாக்டோபேசில்லஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியா புகுந்திருக்கிறது. லாக்டிக் அமிலம் அளந்தால் உறுதியாகும். ஈஸ்ட்டை மறுபடி பயன்படுத்துகிறீர்கள் என்றால், பிஹெச் 2 முதல் 2.5 வரையுள்ள நீர்த்த கந்தக அமிலத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் கழுவி எடுங்கள். ஈஸ்ட் தாங்கும், பாக்டீரியாவில் பெரும்பகுதி தாங்காது. புளிப்பே இல்லாமல் எத்தனால் மட்டும் குறைகிறதென்றால் மூடியைப் பாருங்கள். தளர்ந்த மூடி வழியே எத்தனால் ஆவியாகப் போகும். நீர்ப்பூட்டு பொருத்தி, குடுவையை நாள்தோறும் எடை போடுங்கள். குறையும் எடை கார்பன் டைஆக்சைடு, அதை 1.045-ஆல் பெருக்கினால் உண்டான எத்தனாலின் எடை கிடைக்கும். விலையுயர்ந்த கருவி இல்லாதவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

அறிகுறி: விளைச்சல் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது

மகிழ்ச்சி அடைய வேண்டாம். கெட்டியான கூழில் திடப்பொருளும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. திரவத்தின் செறிவை மொத்தக் கன அளவால் பெருக்கினால் இல்லாத சர்க்கரை கணக்கில் ஏறும். கூழைச் சுழற்றிப் பிரித்து, திரவம் உண்மையில் எவ்வளவு என்று எடை பாருங்கள். டிஎன்எஸ் நிறச் சோதனையை மட்டும் நம்பினாலும் இதுவே நேரும். அது குளுக்கோஸை மட்டுமல்லாமல் ஒடுக்கும் சர்க்கரை அத்தனையையும் சேர்த்தே காட்டும், லிக்னினின் பழுப்பு நிறமும் கூடச் சேரும். என்சைம் புட்டியிலேயே சர்க்கரை இருக்கலாம் என்பதால், பொருள் இல்லாமல் என்சைம் மட்டும் போட்ட ஒப்பீட்டுக் குப்பி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

அறிகுறி: வடித்தது 95.6 சதவீதத்தில் நிற்கிறது

அங்கேதான் நிற்கும். எத்தனாலும் தண்ணீரும் அந்த எடை விகிதத்தில் 78.2 டிகிரியில் ஒன்றாகவே கொதிக்கின்றன. மீதித் தண்ணீரை 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூற்றுச் சல்லடை (தண்ணீரை மட்டும் உள்ளே விடும் நுண்துளைகள் கொண்ட மணிகள்) உறிஞ்சும். ஆவி தீப்பற்றக்கூடியது, திறந்த சுடர் பக்கத்தில் வேண்டாம். எரிபொருளுக்காக வடிக்கவும் உரிமம் தேவைப்படலாம் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, கார்பன் மிச்சம் மட்டும் வரவில்லை

மேலே உள்ள அத்தனையும் சரியாகி, கலனில் தெளிந்த எத்தனால் நிற்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் பெட்ரோலைவிடப் பெரிதாக எதுவும் குறையவில்லை. நாம் இந்த வேலைக்கு வந்ததே உமிழ்வைக் குறைக்க என்பதால், இதையும் தொழில்நுட்பப் பிழையாகவே எடுத்துக்கொண்டு தேட வேண்டும்.

முதலில், லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடாதீர்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல், பெட்ரோலில் சுமார் 32. மெகாஜூல் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் புதைபடிவ எரிபொருளுக்கு மெகாஜூலுக்கு 94 கிராம் கார்பன் டைஆக்சைடு (மற்ற வாயுக்களையும் அதற்கு ஈடாக மாற்றி) என்று வைத்து, 2021 முதல் தொடங்கும் ஆலைகள் அதில் 65 சதவீதம் குறைக்க வேண்டும் என்கிறது. அதாவது 33 கிராமுக்குள். லிட்டருக்கு ஏறக்குறைய 690 கிராம்தான் உங்களுக்குச் செலவிடக் கிடைக்கும் பை. அமெரிக்காவில் செல்லுலோஸ் எரிபொருள் என்ற பெயர் பெறவே 60 சதவீதம் குறைய வேண்டும்.

இப்போது கொதிகலனைப் பாருங்கள். வேகவைக்கவும் வடிக்கவும் லிட்டருக்கு 10 மெகாஜூல் வெப்பம் நிலக்கரியிலிருந்து எடுத்தால், மெகாஜூலுக்கு 95 கிராம் வீதம் 950 கிராம். மற்றெதையும் எண்ணும் முன்பே பை காலி. உயிரி எத்தனாலின் கார்பன் கணக்கைக் கெடுப்பதில் முதல் இடம் நீராவிக்குத்தான். தீர்வும் உங்கள் கலனிலேயே மிஞ்சிக் கிடக்கிறது: நொதித்தல் முடிந்து எஞ்சும் லிக்னின். உலர்ந்த லிக்னின் கிலோவுக்கு சுமார் 25 மெகாஜூல் தரும். அதை நன்றாகப் பிழிந்து, உலர்த்தி, கொதிகலனில் எரியுங்கள். காஸ்டிக் சோடா மிகுதியாகப் பயன்படுத்தியிருந்தால் சோடியம் அதில் தங்கிச் சாம்பலை இளக்கிக் குழாய்களில் ஒட்டவைக்கும். எரிக்கும் முன் கழுவ வேண்டும்.

அடுத்தது நொதித்த திரவத்தின் வலிமை. 2 சதவீத எத்தனாலை வடிப்பதற்கும் 4 சதவீதத்தை வடிப்பதற்கும் நீராவிச் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. என்சைம் கட்டத்தில் விட்ட குறை இங்கே நிலக்கரிப் புகையாகத் திரும்பி வருகிறது. பிறகு ரசாயனங்கள்: காஸ்டிக் சோடா, அம்மோனியா, சுண்ணாம்பு, என்சைம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதைத் தயாரித்த இடத்தின் உமிழ்வைக் கணக்கில் சேருங்கள். எத்தனால் கூடும் என்று என்சைமை இரட்டிப்பாக்கினால், கணக்கின் மறுபக்கமும் பருக்கிறது.

கலனுக்கு வெளியே வயலில் இரண்டு இருக்கின்றன. எரிபொருளுக்கென்றே புல் வளர்த்து நைட்ரஜன் உரம் இட்டால், மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு எழும். 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டைஆக்சைடைப்போல் 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு. காட்டையோ பழைய புல்வெளியையோ உழுது அந்தப் புல்லை நட்டிருந்தால், மண்ணிலும் மரத்திலும் இருந்த கார்பன் வெளியேறி, பல ஆண்டு மிச்சத்தை முன்கூட்டியே விழுங்கியிருக்கும். கழிவை எடுப்பவர்களுக்கும் கேள்வி உண்டு: வயலில் எவ்வளவு தட்டையை விட்டுவைத்தீர்கள்? மண்ணை மூடிக் காப்பதும் அதற்குக் கார்பன் ஊட்டுவதும் அந்தத் தட்டைதான். முழுவதையும் வாரிக்கொண்டு வந்தால் மண்ணின் கார்பன் ஆண்டுக்காண்டு சரியும். அதோடு போன பொட்டாசியத்துக்கும் நைட்ரஜனுக்கும் ஈடாக விவசாயி புதிதாக உரம் வாங்கிப் போடுவார், அதன் உமிழ்வும் உங்கள் கணக்கில்தான் சேரும். எடுக்கத் தொடங்கும் முன் ஒருமுறையும், பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதே இடத்தில் அதே ஆழத்தில் மண்ணின் கரிமக் கார்பனை அளந்து, அந்த எண்ணை ஆலையின் நீராவிக் கணக்கு எழுதும் அதே ஏட்டில் எழுதிவையுங்கள்.